தம்பி பேரில்

தன்னுடைய கல்லறையை இடம் மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி ஜூலியஸுக்கு ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவனுக்குச் சொந்தமாக மூன்று கடைகள் இருந்தன. நடுக்கடையில் கூரை ஒழுகுகிறது என்று வாடகைக்கு இருந்த கிளினிக்காரர்கள் சொன்னதால் பார்க்கப் போயிருந்தான். மற்றவர்கள் ஏணி போட்டுத் தொடும் கூரைப் பலகையை நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டித் தள்ளிப் பார்க்கிற உயரம் அவனுக்கு. அப்படித் தள்ளிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது.

பேசியவர் திவாகரன். பழைய ஆத்தோரத் தோட்டத்து மக்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தின் செயலாளர், ஜூலியஸ் குடும்பம் அங்கிருந்து போன பிறகு குடிவந்தவர். தோட்டம் வீடு கட்டும் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது, இந்துக்கள் சுடுகாட்டையும் பக்கத்தில் இருக்கும் கிறிஸ்துவர் கல்லறைகளையும் அடுத்த மாதம் எடுத்து டவுனுக்கு வெளியே புது இடத்தில் வைக்கப்போகிறார்கள் என்று விவரம் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"மார்கஸ் அண்ணே, ஒங்க அண்ணன் ஜூலியஸ் கல்லறை அங்கதானே இருக்கு. குடும்பத்து ஆளு வந்து நின்னாத்தான் எடுப்பாங்க. பழைய கல்லு தாங்காது, புதுசா செய்யணும்லா. பேரு, தேதி எல்லாம் அனுப்பி வைங்க."

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஜூலியஸ் கைப்பேசியைப் பையில் போட்டான். கூரைப் பலகையை மறுபடி மூட மறந்துவிட்டான்.

ஊருக்கும் நாட்டுக்கும் அவன் மார்கஸ்தான். அடையாள அட்டையான ஐசியில், பாஸ்போர்ட்டில், கடைப் பத்திரங்களில், கல்யாணச் சான்றிதழில் எல்லாம் மார்கஸ். தேசியக் குழுவுக்கு ஆடி, பிறகு தாய்லாந்திலும் தைவானிலும் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடிச் சம்பாதித்து, முழங்கால் விட்டுப்போனதும் ஊர் திரும்பிய மார்கஸ். அவன் ஜூலியஸ் என்பது தெரிந்தவர்கள் மூன்று பேர். அவனும் அவன் அம்மா அன்னம்மாவும் உயிரோடு இருந்தார்கள். மூன்றாமவர், அப்பா சவரிமுத்து, போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் நடுவில் சவரிமுத்து ஆத்தோரத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தார். இரண்டு பையன்கள். பெரியவன் ஜூலியஸுக்குப் பன்னிரண்டு, சின்னவன் மார்கஸுக்குப் பத்து. லயத்தில் எல்லாரும் அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம் ஜூலியஸ் காய்ச்சலில் கிடந்தான். மார்கஸ் மட்டும் மற்றப் பிள்ளைகளோடு மீன் பிடிக்கப் போனான். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்கள் நீர் நிறைந்து குளமாகக் கிடக்கும். லொம்பம் என்பார்கள். கரையில் பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி தெரியும், ஓரடி தள்ளிக் கால் வைத்தால் அடியே இருக்காது. சாயங்காலம் அவனைச் சேற்றோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

போலீஸ் நிலையத்தில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். சவரிமுத்து வீட்டுக்கு ஓடிவந்து பிஸ்கட் டின்னைத் திறந்து, மடித்து வைத்திருந்த இரண்டில் ஒன்றை எடுத்துப்போனார். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். மலாய் வராது. கேட்டதற்கெல்லாம் 'யா துவான், யா துவான்' என்று தலையாட்டினார். அவர் நீட்டியது பெரியவனுடைய பத்திரம். அதை வைத்து எழுதிக்கொடுத்த அடக்க அனுமதியைப் பார்த்துத் தோட்டத்துத் தச்சர் சிலுவையில் 'ஜூலியஸ்' என்று வெள்ளைச் சாயத்தில் எழுதினார். அடக்கத்தன்று அன்னம்மாவுக்குத் தலை நிமிர்ந்து சிலுவையைப் பார்க்கிற நிலை இல்லை. எட்டாம் நாள் பூ வைக்கப் போனபோதுதான் பார்த்தாள்.

சவரிமுத்து திருத்தப் போகாமல் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போய் வந்தார். சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும், சாட்சி வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னதாகச் சொன்னார். அதற்குப் பிறகு போகவில்லை. செத்தவனைப் பற்றி அந்நிய மொழியில் திரும்பத் திரும்பப் பேச அவருக்குத் தெம்பில்லை என்று பிற்பாடு ஜூலியஸ் புரிந்துகொண்டான்.

லொம்பத்தைப் பார்த்துக்கொண்டு அந்த லயத்தில் இருக்க முடியாது என்றாள் அன்னம்மா. வடக்கே சுங்கை பஞ்சாங் பக்கம் ஒரு நெல் ஆலையில் லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போனது. ஆலைக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளிதான். சேர்க்கப் பத்திரம் வேண்டும். டின்னில் செல்லக்கூடிய பத்திரம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் சவரிமுத்து லோரியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"இனிமே ஒம் பேரு மார்கஸ். யாரு கேட்டாலும் அதச் சொல்லு. அப்பா அப்புறமா மாத்திக் குடுக்கிறேன்."

பன்னிரண்டு வயது ஜூலியஸ் நாலாம் வகுப்பில், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தான். கால்கள் மேசைக்கு அடியில் கொள்ளவில்லை. சீனம் ஒரு எழுத்துத் தெரியாது. விளையாட்டு நேரத்தில் மட்டும் மொழி வேண்டியிருக்கவில்லை. அந்தப் பள்ளியில் பந்து என்றால் கூடைப்பந்து. தியோ என்ற வாத்தியார் ஒரு நாள் அவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்தார். பத்து வயதில் இந்த உயரம் என்று தலைமையாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லும் அளவுக்குச் சீனம் வரவில்லை. வந்தபோது சொல்ல மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் அந்த இரண்டு வருஷத்தின் மேல்தான் எழும்பியது. பத்திரத்தில் பதினாறு, உடம்பில் பதினெட்டு. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான மாநிலக் குழுவில் அவனைத் தாண்டி யாராலும் பந்தைக் கூடைக்குக் கொண்டுபோக முடியவில்லை. கோலாலம்பூர் கிளப் ஒன்று படிப்புச் செலவோடு எடுத்துக்கொண்டது. இந்திய முகத்தோடு மாண்டரின் பேசிக்கொண்டு ஆடும் நெட்டைப் பையனைப் பத்திரிகைகளுக்குப் பிடித்துப்போனது. பிறகு வெளிநாட்டு ஒப்பந்தங்கள், காலணி விளம்பரம், குளிர்பான விளம்பரம். வயது ஏறிய காலத்தில் தைவான் கிளப்பின் மருத்துவர் அவன் முழங்கால் படத்தைப் பார்த்து, இது உன் வயதுக்காரன் முழங்கால் இல்லையே என்று சிரித்தார். காகிதத்தில் வயது குறைவு என்பதால் கிளப் மேலும் இரண்டு பருவங்களுக்குக் கையெழுத்து வாங்கியது. அவன் சம்பாதித்ததில் பெரிய பங்கு அந்தக் கடைசிக் கையெழுத்தில் வந்தது.

சில ஆட்டக்காரர்கள் வந்த பணத்தைக் காரிலும் கூத்திலும் விட்டார்கள். ஜூலியஸ் விடவில்லை. டவுனில் கடைகள், சுங்கை பஞ்சாங் போகும் வழியில் செம்பனைத் தோப்பு, கோலா சிலாங்கூரில் ஆற்றைப் பார்த்த மாதிரி மாடி வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கூடைப்பந்துத் திடல். கணக்காளரும் வங்கிக்காரரும் அவன் சிக்கனத்தை மெச்சினார்கள். அவனுக்கு அது சிக்கனமாகத் தெரியவில்லை. அடுத்தவன் சொத்தைப் பார்த்துக்கொள்பவன் எப்படி இஷ்டத்துக்குச் செலவு செய்வான்? கணக்கெழுதும் கிராணி எவ்வளவு எழுதினாலும் தோட்டம் முதலாளித் தொரையுடையது. எல்லாப் பத்திரத்திலும் தொரையின் பெயர் மார்கஸ்.

அந்தத் தொரை கூடவே இருந்தான். கோலாலம்பூரில் முதல் பெரிய ஆட்டத்தன்று ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. ஜூலியஸ் இருக்கையைவிட்டு எழும்போது தனக்கு முன்னால் வேறு யாரோ எழுந்து போனதுபோல் இருந்தது. கண்ணால் எதையும் பார்க்கவில்லை. ஆனால் கைதட்டல் தன் மேல் விழவில்லை, ஓரடி முன்னால், தன் இடுப்பு உயரத்தில் விழுகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் அது விட்டுப்போகவில்லை. வெளியூர் ஓட்டல்களில் இரட்டைக் கட்டில் இருந்தால் இன்னொரு கட்டிலில் அவன் பையைக்கூட வைக்க மாட்டான். காலையில் அந்தக் கட்டிலின் விரிப்பைத் தொட்டுப் பார்ப்பான். ஈரம் இருக்காது. இருந்தாலும் தொட்டுப் பார்ப்பான்.

முதல் நல்ல பணம் வந்தபோது சவரிமுத்து ஒன்றே ஒன்று கேட்டார். மரச்சிலுவை இற்றுப்போச்சு, கல் போட்டுக் கொடு என்றார். கல்வெட்டுபவர் சிலுவையில் இருந்ததை அப்படியே கருங்கல்லில் செதுக்கினார். தன் பெயரும் தன் பிறந்த தேதியும் தான் சாகாத ஒரு தேதியும் செதுக்கிய கல்லுக்கு ஜூலியஸ் பணம் கொடுத்தான். அப்பா இருந்தவரை வருஷம் ஒரு முறை அந்தக் கல்லைக் கழுவினார். மகனுடைய பெயரை மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னதைப் பற்றி மட்டும் அவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

அன்னம்மா வேறு மாதிரி. மகன் தங்க வளையல் வாங்கிக்கொண்டு வந்தால் போட்டுக்கொண்டு, தம்பிக்கு நன்றி சொல்லு என்பாள். வீடு குடிபுகுந்த அன்று வாசலில் நின்று, தம்பி குடுத்தது என்றாள். அந்தத் துக்கத்துக்குப் பிறகு அவள் ஜூலியஸை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. ஐயா என்பாள், அவ்வளவுதான்.

மனைவி டொரீனுக்கு இது எதுவும் தெரியாது. கிள்ளானில் பல் மருத்துவரிடம் வேலை பார்த்தவள். கலகலவென்று பேசுகிறவள். கல்யாணமான புதிதில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். ஆட்டம் முடியட்டும் என்றான். ஆட்டம் முடிந்ததும் முழங்கால் ஆபரேஷன் முடியட்டும் என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மாடியில் பிள்ளைக்கென்று அவள் மஞ்சள் சாயம் அடித்த அறை சும்மா கிடந்தது.

அந்த அறையில்தான் வாடை வந்தது. ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பிய சில மாதங்களில் ஆரம்பித்தது. வெயில் ஏறிய மத்தியான வேளையில் அடிக்கும். சேறும் தகரமும் கலந்த குளிர்ந்த வாடை. டொரீன்தான் முதலில் சொன்னாள். குழாய் வேலைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் குளியலறை ஓடுகளைப் பெயர்த்துக் குழாயை மாற்றினார். வாடை போகவில்லை. கூரையில் எலி செத்திருக்கும் என்று ஆளை ஏற்றிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஜூலியஸுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அது லொம்பத்துச் சேறு. மார்கஸைப் படுக்க வைத்த பாயில் அந்த வாடை இருந்தது. மனைவிக்கும் அது வருகிறது என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது. அதுவரைக்கும் எல்லாம் தன் தலைக்குள் நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

திவாகரன் பேசிய அன்று வீட்டுக்கு வந்ததும் நேராக அம்மாவிடம் போனான். அன்னம்மா சமையலறையில் நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கல்லறையை எடுக்கிறார்கள், புதுக் கல் வைக்கிறார்கள் என்றான். அவள் கை நின்றது.

"இந்தத் தடவையாச்சும் அவன் பேரப் போடு ஐயா," என்றாள். "கடைசி நாளுல சாமி பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. ஜூலியஸுன்னு கூப்பிட்டா எம்புள்ள எப்படி எந்திரிப்பான்? வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு படுத்தே கெடப்பான்."

அப்படிப் போட்டால் எல்லாம் வெளியே வரும், சொத்து, பேர், ஆட்டம் எல்லாமே கேள்விக்கு வரும் என்று அவன் எடுத்துச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். மறுபடி நெத்திலியைக் கிள்ளினாள். இத்தனை வருஷமும் அவள் காத்திருந்தது இந்த ஒன்றுக்குத்தான் என்று அவனுக்கு அப்போது பட்டது.

டொரீனிடம் சொல்ல இரண்டு வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, மேசையில் உட்கார்ந்தபடியே, லயம், குளம், டின், லோரி என்று வரிசையாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புள்ள வேணாம்னு சொன்னது இதுக்குத்தானா?"

அவன் மேசையைப் பார்த்தபடியே சொன்னான். "பொறந்தா மார்கஸோட புள்ளன்னுதான் எழுதுவாங்க டொரீன். பத்து வயசுல செத்தவன் அவன். அவன் பேரு, அவன் வயசு, அவன் வாழ்க்கை எல்லாம் நானே வச்சிருக்கேன். எம் புள்ளையையும் அவன் பேர்ல எழுத எனக்கு முடியல."

டொரீன் அழவில்லை. தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எவன் பேர்ல எழுதுனாலும் நான் பெத்து வளத்திருப்பேன். இப்ப எனக்கு என்னா வயசுன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

அன்று மாலையே கிள்ளானில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனாள். போகும்போது மாடி அறையின் சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுப் போனாள்.

கல்லறை எடுக்கும் நாள் காலையில் அவள் தானாகவே வந்து சேர்ந்தாள். காரை விட்டு இறங்கி, அத்தை அன்னம்மா பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவனைப் பார்க்கவில்லை.

ஆத்தோரத் தோட்டத்தில் செம்பனை மரங்களைத் தள்ளிவிட்டிருந்தார்கள். லயம் இருந்த இடம் எது என்று ஜூலியஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. குளம் மட்டும் அப்படியே இருந்தது. அதையும் மூடப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சுடுகாட்டுப் பக்கம் சூடம் எரிந்தது. இந்தப் பக்கம் ஃபாதர் தண்ணீர் தெளித்துச் செபம் சொன்னார். ஒவ்வொரு குழியாகத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். பெயர் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன.

கருங்கல்லைப் பெயர்த்தபோது திவாகரன் பயந்த மாதிரியே அது குறுக்கே வெடித்தது. மணல் மண் என்பதால் தோண்டுவது சுலபமாக இருந்தது. குழிக்குள் இறங்கியவர் எடுத்ததை வெள்ளைத் துணியில் வைத்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு வயசுப் பையன் என்று எழுதியிருக்கிறது, இது ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துணியை முடிந்து மேலே நீட்டினார். ஜூலியஸ் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினான். அதில் கனமே இல்லை. வாங்கிய கணத்தில் அந்த வாடை குப்பென்று வந்தது. குழிக்குள் உலர்ந்த மணல்தான் இருந்தது.

அன்னம்மா முடிச்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பவள்போல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

திவாகரன் கைப்பேசியும் கையுமாக வந்தார். கல் செய்பவருக்கு இப்போதே விவரம் அனுப்ப வேண்டுமாம். "ஜூலியஸ், தகப்பனாரு பேரு சவரிமுத்து, சரிதானேண்ணே?" என்றார்.

"மார்கஸ்னு போடுங்க," என்றான் ஜூலியஸ்.

"அது ஒங்க பேரு. நான் கேக்கிறது எறந்தவரு பேருண்ணே."

"எறந்தவன் பேருதான் சொல்றேன்."

திவாகரன் முகத்தில் குழப்பம் தெரிந்தது. அன்னம்மாவைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்க யாரு?" என்றார் திவாகரன். கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவர் கேட்பதுபோல்தான் கேட்டார்.

ஜூலியஸ் வாயைத் திறந்தான். லோரியில் அப்பா சொன்ன நாளிலிருந்து ஊரார் முன்னால் அந்தப் பெயரைத் தன் பெயரென்று அவன் உரக்கச் சொன்னதில்லை. நாக்கு அதைப் பழகியிருக்கவில்லை. இரண்டு முறை முயன்றுதான் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டுக் கையில் இருந்த முடிச்சைப் பெட்டிக்குள் வைத்தான்.

ஊருக்குள் பரவ அன்று சாயங்காலம்வரைகூட ஆகவில்லை. வெடித்த பழைய கல்லையும், சில நாள் கழித்து வைத்த புதுக் கல்லையும் யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். உயிரோடு இருக்கும் ஆட்டக்காரருக்குக் கல்லறையா என்று முதலில் கேலி. அப்புறம் விஷயம் தெரிந்து வேறு மாதிரிப் பேச்சு. செத்த தம்பியை வித்துத் தின்றவன் என்று எழுதினார்கள். கூடைப்பந்துச் சங்கம் விளக்கம் கேட்டது. ஜூலியஸ் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்து, இளைஞர் ஆட்டங்களில் வாங்கிய பதக்கங்களைத் தானே பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தான். கிள்ளானில் ஒரு வக்கீலைப் பார்த்தான். செத்தவனைச் செத்தவனாகவும் இருப்பவனை இருப்பவனாகவும் கோர்ட்டில் நிரூபிக்க வருஷக்கணக்காகும், அதுவரை விற்கவும் வாங்கவும் முடியாது, தண்டனை வந்தாலும் வரலாம் என்றார் அவர். விளம்பரப் பலகைகளில் இருந்து அவன் முகம் இறங்கியது. கிளினிக்காரர்கள் வேறு கடைக்கு மாறிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். தஞ்சோங் காராங்கில் டயர் கடை வைத்திருக்கும் சீனர், நடு வயது. கேட்டுக்கு வெளியே நின்று மாண்டரினில் பேசினார். மாநிலக் குழுவுக்குப் பையன்களைத் தேர்ந்தெடுத்த அந்த வருஷம் கடைசியாக நீக்கப்பட்ட ஆள் தான்தான் என்றார். ஜூலியஸ் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பின்னால் திடல் இருக்கிறதாமே, பார்க்கலாமா என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கொஞ்ச நேரம் பந்தைக் கூடையில் எறிந்தார். பெரும்பாலும் உள்ளே போயிற்று. பந்தை ஜூலியஸ் கையில் கொடுத்துவிட்டு, போய் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். அன்று முழுவதும் ஜூலியஸ் சாப்பிடவில்லை. தன்னிடம் பறிகொடுத்தவன் கூடவே இருந்த தம்பி ஒருவன்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

வாடை நின்றுவிட்டது. புதுக் கல்லறையில் பெட்டியை இறக்கிய நாளோடு போயிற்று. மாடி அறைக்குப் போய் மத்தியான வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பார்த்தான். பழைய சாயத்தின் வாசனை மட்டும் இருந்தது. நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். ஆனால் திடலில் தனியாகப் பந்தைத் தட்டும்போது ஓசை சுவரில் மோதி வெறுமையாகத் திரும்பியது. இத்தனை காலம் ஆடிய எந்த ஆட்டத்திலும் தான் தனியாக இல்லை என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. தம்பிக்குப் பெயரைக் கொடுத்தாயிற்று. அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டொரீன் கிள்ளானிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் அத்தையைப் பார்க்க என்று வந்து ஞாயிறு மாலை போவாள். முன்பெல்லாம் வாய்க்கு வாய் மார்கஸ், மார்கஸ் என்று கூப்பிடுகிறவள், வந்த முதல் சனிக்கிழமை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கதவோரம் நின்றாள். பிறகு அவள் அம்மா அவள் அப்பாவைக் கூப்பிடுவதுபோல், "ஏங்க," என்றாள். இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. அதுவே நிலைத்துப்போனது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. மூன்று பேரும் புதுக் கல்லறைக்குப் போனார்கள். வரிசை வரிசையாக ஒரே அளவில் புதுக் கற்கள். புல் இன்னும் பிடிக்கவில்லை. அன்னம்மா மார்கஸின் கல்லைத் துடைத்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஜூலியஸ் தன் தம்பியின் பெயரைத் தம்பியின் கல்லில் நின்று படித்தான். சரியாக இருந்தது. தேதிகளும் சரியாக இருந்தன.

அப்போது அன்னம்மா பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்தாள். பக்கத்தில் இன்னும் யாரையும் அடக்காத வெறும் மண்ணில் அதை ஊன்றி ஏற்றினாள். முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். டொரீன் கணவனைப் பார்த்தாள். அவனுக்கும் விளங்கவில்லை.

"இது யாருக்கும்மா?" என்றான்.

"ஜூலியஸுக்கு," என்றாள் அன்னம்மா, கண்ணைத் திறக்காமல். "இத்தன வருஷமா அந்தப் பேருக்குத்தானே ஏத்துனேன். பேரு போட்டு அழுதிருக்கேன், பூசைக்குக் குடுத்திருக்கேன். திடீர்னு நிறுத்துனா அவன் எங்க போவான்?"

காற்று இல்லாததால் சுடர் ஆடாமல் நின்று எரிந்தது. அதை அணைக்க வேண்டும் என்று ஜூலியஸுக்குத் தோன்றியது, கை வரவில்லை. ஆற்றுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மற்றக் குடும்பங்கள் பாயைச் சுருட்டிக் கிளம்பினார்கள். அன்னம்மா மகன் தோளைப் பிடித்து எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள்.

"வா ஐயா, போவோம்," என்றாள். "மழை வந்தா தம்பி பாத்துக்குவான்."